100-க்கு 135 பிளாக் போட்ட பிறகு: கோளாறைப் பார்த்து ஜெட் சரிசெய்யும் முறை

யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரை) ஏற்றிய வண்டிகள் மதுரையில் நிறைய ஓடுகின்றன. பிளாக், பிஸ்டன், ஹெட் எல்லாம் மாட்டி முடிக்கும் வரை வேலை நன்றாகத்தான் போகும். கிக்கரை மிதித்தால் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். அதற்கப்புறம்தான் தொல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும். ரிங் ரோட்டில் முறுக்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் போகாமல் முக்கும். சில வண்டிகள் நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே சடாரென்று பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கோளாறைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் சொல்வார்கள். "அறுபதுக்கு மேல போகமாட்டேங்குதுண்ணே." செல்லூரில் எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த பெரியவர் அதைக் காதிலேயே வாங்கமாட்டார். "மீட்டர் முள்ளு எங்க இருந்துச்சுன்னு நான் கேக்கல தம்பி. உன் கை எங்க இருந்துச்சு, அதைச் சொல்லு" என்பார். கார்புரேட்டர் பற்றி நான் கற்றதில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. ஆக்சிலேட்டர் கேபிள் தூக்குகிற ஸ்லைடு, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் அடைப்பு, எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் போகும் என்பது மாறும். ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளை) ஏர் ஸ்க்ரூவும் வேலை செய்யும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடில் என்ற ஊசியும், அது இறங்கி ஏறுகிற நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்துதான் இருக்கும். ஆனாலும் அரை ஆக்சிலேட்டரில் வருகிற கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். அதே அறுபது கிலோமீட்டர் வேகத்தை நாலாவது கியரில் கால் ஆக்சிலேட்டரிலும் தொடலாம், மேட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரிலும் தொடலாம். இரண்டும் வேறு வேறு ஜெட்டின் வேலை.

அதனால் முதல் வேலையாக ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் பெட்டியின்மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டுங்கள். பிடியில் ஒரு கோடு. ஆக்சிலேட்டரை மூடி, கால், அரை, முக்கால், முழுசு என்று டேப்பில் குறியுங்கள். முழுசாக முறுக்கும்போது ஸ்லைடு உண்மையிலேயே முழுசாக மேலே போகிறதா என்று ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். பழைய கேபிள் நீண்டுபோய் ஸ்லைடு முக்காலோடு நின்றுவிட, ஆள் ஜெட் ஜெட்டாக வாங்கி மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சிசி கூடினால் ஜெட்டும் கூடுமா

100-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50; 98 சிசி. 135 பிளாக்கின் போர் 58. ஸ்ட்ரோக் அதே 50 என்பதால் 132 சிசி. ஏறக்குறைய 35 சதவீதம் கூடுகிறது. உடனே மெயின் ஜெட்டையும் அந்தக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். இது பாதிதான் உண்மை.

பெரிய பிஸ்டன் அதிகக் காற்றை இழுக்கும். அதே வாயுள்ள கார்புரேட்டர் என்றால் காற்று அதற்குள் இன்னும் வேகமாகப் போகவேண்டும். வேகம் கூடினால் அந்த இடத்தில் அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் ஜெட் வழியாகப் பெட்ரோலும் அதிகமாக உறிஞ்சப்படும். காற்று கூடுகிற அளவுக்குக் கிட்டத்தட்டப் பெட்ரோலும் தானாகவே கூடிவிடும் என்பதுதான் கார்புரேட்டரின் அழகு. ஆகவே பழைய கார்புரேட்டர், பழைய ஃபில்டர் பாக்ஸ், பழைய சைலன்சர் இவற்றை அப்படியே வைத்திருந்தால் மெயினில் ஒன்றிரண்டு நம்பர், நீடிலில் ஒரு படி, இவ்வளவோடு வேலை முடிந்துவிடும்.

ஜெட்டைப் பெரிய அளவில் மாற்ற வைப்பது பிளாக்கோடு சேர்த்துச் செய்கிற மற்ற வேலைகள். பெரிய வாய் கார்புரேட்டர் போட்டால் காற்றின் வேகம் குறைந்து உறிஞ்சும் பலமும் குறையும், அதற்குப் பெரிய ஜெட் வேண்டும். ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வாயில் கூம்பு ஃபில்டர் செருகினாலும், சைலன்சரை மாற்றினாலும் இதே கதைதான். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு சிசி கூடியதால் வந்த கோளாறு என்று நினைத்தால் எங்கிருந்தும் தொடங்க முடியாது. முடிந்தால் பிளாக்கை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, சரிசெய்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

ஜெட் நம்பர் பற்றி ஒன்று. மிக்குனி, கெய்ஹின் இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். மிக்குனி மெயின் ஜெட்டில் இருக்கும் எண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் ஜெட்டில் இருப்பது ஓட்டையின் விட்டத்தை ஒட்டியது. விட்டத்தில் 100-இலிருந்து 105-க்குப் போனால் ஓட்டையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். ஆகவே ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை வாங்காதீர்கள். டூப்ளிகேட் ஜெட்டுகளில் எண்ணே பொய்யாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு மெல்லிய தையல் ஊசியை இரண்டு ஜெட்டிலும் அழுத்தாமல் இறக்கி, எது எவ்வளவு ஆழம் வாங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கம்பி விட்டுக் குடைவதும், ட்ரில் பிட்டால் பெரிதாக்குவதும் வேண்டாம். பித்தளை மென்மையானது. ஒருமுறை கீறிய ஜெட்டுக்கு அப்புறம் எண் என்று ஒன்று கிடையாது.

இதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்று இருக்கிற வண்டியில் 132 சிசி ஓடுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-வது பிரிவுக்குள் வருகிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் சத்தம் இறங்க மறுக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முறுக்கிவிட்டால் சத்தம் மேலேயே நின்று, மூன்று நான்கு விநாடி கழித்து மெதுவாக இறங்குகிறது என்றால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது. ஏர் லீக் இருக்கும்வரை எந்த ஜெட்டும் சரிவராது. ஆகவே ஜெட்டைத் தொடும்முன் இதை ஒழிக்க வேண்டும்.

கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ரப்பர்தான் முதல் சந்தேகம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி இது; ஒரிஜினல் ரப்பராக இருந்தால் மடக்கிப் பாருங்கள், உள்மடிப்பில் வெடிப்பு தெரியும். அடுத்து ரீட் வால்வின் கேஸ்கெட், பிளாக்கின் அடி கேஸ்கெட். என்ஜின் சூடேறும் முன், ஸ்லோவில் ஓடும்போது, ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரை ரப்பரைச் சுற்றி மெல்லப் பீய்ச்சுங்கள். ஓட்டை இருந்தால் அந்த விநாடியில் என்ஜின் சத்தம் மாறும். பெட்ரோலையோ தின்னரையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீல். மேக்னட் பக்கச் சீல் போனால் வெறும் காற்று உள்ளே போகும், என்ஜின் லீன் ஆகும், அதாவது கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும், பிளக் ஈரமாக இருக்கும், கியர் ஆயிலின் அளவு குறைந்துகொண்டே போகும். இதை ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம், என்று நினைத்து ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போனவர்கள் பிஸ்டனை இழந்திருக்கிறார்கள். புது பிளாக்குக்குப் பணம் செலவழிக்கிறபோதே இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். அதன் விலை பிளாக்கின் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

ஸ்லோவில் நிற்காமல் ஆஃப் ஆகிறது

லீக் இல்லை என்று உறுதியானபின் என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள், பத்து நிமிடமாவது ஓட்டி வாருங்கள். ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, எங்கே சத்தம் அதிகமாகவும் சீராகவும் வருகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவால் சத்தத்தை இறக்குங்கள்.

அந்த நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரியது. நடுவில் இருந்தால் ஜெட் சரி. இது ஏர் ஸ்க்ரூவுக்குச் சொல்கிற கணக்கு, அதாவது ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிற கார்புரேட்டருக்கு. ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் அது கலவை ஸ்க்ரூ. அதைத் திறந்தால் ரிச், மூடினால் லீன், எல்லாம் தலைகீழ். வேறு வண்டியில் கற்றதை இதில் செய்து குழம்புவது இந்த இடத்தில்தான்.

சித்திரைத் திருவிழா நெரிசலில் கால் மணி நேரம் நின்று ஊர்ந்துவிட்டு முறுக்கினால் பொறபொறவென்று அடைத்து, நாலு தடவை முறுக்கியபின் தெளிகிறதா? அது ஸ்லோ ரிச். ஜெட் சரியாக இருந்தும் இப்படி என்றால் ஃப்ளோட்டை, அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை, பார்க்க வேண்டும். ஃப்ளோட் ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்ந்திருந்தால் பெட்ரோல் மட்டம் ஏறியே இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டுவது அதன் அடுத்த கட்டம்.

முறுக்கின உடனே மூச்சடைக்கிறது

சிக்னல் விழுந்து கிளட்சை விட்டு முறுக்கினால் ஒரு விநாடி வெறுமையாகி, அப்புறம் பிய்த்துக்கொண்டு போகிறது. பெரிய வாய் கார்புரேட்டர் போட்டவர்களுக்கு இது அதிகம் வரும். லீனா ரிச்சா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மோசமாக இருந்து, சூடானபின் குறைந்தால் லீன். குளிரில் நன்றாக இருந்து, சூடானபின் மோசமானால் ரிச். இந்த விதி எல்லாக் கோளாறுக்கும் பொருந்தும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று மூடிப் பாருங்கள். அடைப்பு குறைந்தால் லீன்தான், ஸ்லோ ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றலாம். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்லைடின் வெட்டு. அதன் எண் கூடக்கூட லீன். ஸ்லைடு கிடைப்பது சிரமம், விலையும் அதிகம். அதனால் ஸ்லோ ஜெட், நீடில் இரண்டையும் முயன்று பார்த்தபிறகே இதற்குப் போங்கள்.

அரை ஆக்சிலேட்டரில் தொட்டுத் தொட்டு இழுக்கிறது, அல்லது பர்ர் என்று உறுமுகிறது

நாம் ஓட்டுகிற நேரத்தில் பெரும்பகுதி கை இந்த இடத்தில்தான் இருக்கும். மைலேஜைத் தீர்மானிப்பதும் இதுவே. ஆனால் எல்லோரும் மெயின் ஜெட்டையே கட்டிக்கொண்டு அழுவார்கள்.

கையை அசைக்காமல் அரையில் பிடித்துப் போகும்போது வண்டி முன்னே இழுப்பதும் விடுவதுமாக இருந்தாலோ, சுமையில் கிணுகிணு என்று நாக்கிங் கேட்டாலோ லீன். பர்ர் என்று நாலு ஸ்ட்ரோக் வண்டி மாதிரி விட்டுவிட்டு வெடித்து, புகையும் கூடினால் ரிச். நீடிலின் தலையில் பொதுவாக ஐந்து வெட்டு இருக்கும், கிளிப் அதில் உட்கார்ந்திருக்கும். கிளிப்பை மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கி லீன் ஆகும். கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் மேலே வந்து ரிச் ஆகும். மாற்றுவதற்கு முன் மேலிருந்து எண்ணி எழுதிவைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வெட்டு மட்டும்.

கிளிப்பை உச்சிக்கு ஏற்றியும் அரையில் ரிச் போகவில்லையா? நீடில் ஜெட் தேய்ந்துவிட்டது. இத்தனை வருடம் நீடில் ஆடி ஆடி உரசியதில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். நீடிலையும் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் கார்புரேட்டரே ஆயுள் முடிந்தது.

முழு ஆக்சிலேட்டரில் போகவில்லை

முழுசாக முறுக்கி, என்ஜின் முக்கும் இடத்தில் கையை ஒரு நூல் பின்வாங்குங்கள். அந்தக் கணம் வண்டி முன்னே துள்ளினால் மெயின் ஜெட் சிறியது, லீன். பின்வாங்கியும் அப்படியே உறுமிக்கொண்டிருந்தால் ரிச். இன்னொரு சோதனை, ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் தூக்குவது. அதில் இழுவை கூடினால் லீன், செத்தால் ரிச் அல்லது சரியான அளவு. லீன் என்று தெரிந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை ஓட்டி உறுதி செய்யலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்கில் மெயினை எப்போதும் பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள். மூன்று நாலு நம்பர் கூடுதலாகப் போட்டால் முழு ஆக்சிலேட்டரில் குடகுடவென்று தெளியாமல் போகும். அதனால் ஒன்றும் கெடாது. ஒவ்வொரு நம்பராகக் குறைத்து, சத்தம் தெளிந்து இழுக்கிற நம்பர் வந்ததும் அதைவிட ஒன்று பெரியதைப் போட்டு நிறுத்துங்கள். சிறியதிலிருந்து மேலே ஏற நினைத்தால் நடுவழியில் பிஸ்டன் உருகும்.

பிளக்கைப் பார்க்காமல் முடிக்கக் கூடாது. புது பிளக் போட்டு, விடியற்காலையில், வண்டி வராத நேர்ச்சாலையில் டாப் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே சாவியை ஆஃப் செய்யுங்கள். லாக் பக்கம் திருப்பிவிடாதீர்கள். உருட்டி ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிப்பகுதியைப் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் ஒரு வளையம் இருந்தால் நல்லது. வெளுப்பாக இருந்தால் லீன். கரி படிந்திருந்தால் ரிச். பீங்கானில் மிளகுப்பொடி தூவினது போலப் புள்ளிகள், அதில் சில மினுக்கினால், அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கு அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஜெட்டோடு டைமிங், கம்ப்ரஷன் இரண்டையும் பார்க்க வேண்டும். பிளக் மாற்றும்போது என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சியான பிளக், பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு கிலோமீட்டர் நன்றாகப் பறந்து, அப்புறம் பெட்ரோல் தீர்ந்த மாதிரி விழுகிறது

ஜெட்டைத் தொடாதீர்கள். ஃப்ளோட் கிண்ணம் காலியாகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் மணிக்கு 5 லிட்டர், நிமிடத்துக்கு 83 மில்லி வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு அளவுப் பாட்டிலில் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். 200 மில்லியாவது சீராக வரவேண்டும். வரவில்லை என்றால் பெட்ரோல் காக்கின் வடிகட்டி. நிமிடத்தின் தொடக்கத்தில் நன்றாக வந்து போகப்போகக் குறைந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் உஸ் என்று சத்தம் கேட்கும்.

நன்றாக ஓடிய வண்டி திடீரென்று ஜாம் ஆனது

இதை என் வண்டியிலேயே பட்டேன். ஒரு மே மாதம், மத்தியான வெயிலில், நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போய்ப்போய் வந்து மெயினைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நம்பர் குறைத்தபோதும் இழுவை கூடியது. இனிமேல் குறைத்தால் கெட்டுவிடும் என்கிற விளிம்பில் நிறுத்தினேன். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் விடும் பம்பை எடுத்துவிட்டு, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பிளாக்குக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில் ஊற்றியதை 40 ஆக்கினேன். மார்கழி விடியற்காலையில் அழகர்கோவில் போகும்போது, கடச்சனேந்தல் தாண்டி முழுசாக முறுக்கிய சற்று நேரத்தில் பின்சக்கரம் கிறீச்சிட்டது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்க உரசியிருந்தது.

என்ன நடந்தது என்று புரிய வெகுநாள் ஆயிற்று. 40 டிகிரி வெயிலில் இருக்கிற காற்றைவிட 20 டிகிரி காற்று ஆறேழு சதவீதம் அடர்த்தி அதிகம். அதே ஜெட்டில் கலவை மூன்று சதவீதம் போல லீன் ஆகும். ஆயிலைக் கூட்டினதும் அதே திசையில்தான் தள்ளியது: ஜெட்டின் ஓட்டை ஒன்றுதான், அதில் ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறையும். அது இன்னொரு ஒன்றரை சதவீதம். பாதுகாப்புக்கு என்று செய்ததும் லீனையே கூட்டிவிட்டது. ஏற்கெனவே விளிம்பில் நின்ற ஜெட்டுக்கு இது போதும்.

அன்றிலிருந்து கடைசி மெயின் ஜெட்டை மார்கழி, தை விடியலில்தான் முடிவு செய்கிறேன். அப்போது சரியாக இருப்பது மே மத்தியானத்தில் கொஞ்சம் ரிச்சாகத் தெரியும், தெரியட்டும். வெயில் காலத்தில் வேலை முடிக்க நேர்ந்தால் ஒரு நம்பர் கூட்டி வைத்துவிடுங்கள். ஆயில் பம்பை எடுப்பதாக இருந்தாலும், கலவை அளவை மாற்றுவதாக இருந்தாலும் அதற்கப்புறம் பிளக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். பம்பு ஆயிலை ஜெட்டுக்கு அப்பால் விடுகிறது. கலந்து ஊற்றும்போது அது ஜெட் வழியாகப் போகிறது.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. எத்தனால் எரிய அதே எடைக்குக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு 13.6 போலத்தான். பழைய காலத்து ஜெட் நம்பரை யாராவது சொன்னால், அது இப்போதைய பெட்ரோலில் லீன் பக்கம்தான் நிற்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஒரு மாதம் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது கிண்ணத்தைக் கழற்றி வடித்துவிட்டு ஓட்டுங்கள்.

கொடைக்கானல் ஏறும்போது முக்குகிறது

வத்தலக்குண்டு வரை பறந்த வண்டி, காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, பெருமாள்மலைக்குள் குடகுட என்று ஆகிவிடும். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர் போல. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இறங்கும். கலவை 10 சதவீதம் போல ரிச் ஆகும். கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு நாள் பயணம் என்றால் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்துவிட்டு, ஒரு கியர் இறக்கி ஓட்டிப் போய்ச் சேருங்கள். இரண்டு மூன்று நாள் தங்கி அங்கேயே சுற்றுவதாக இருந்தால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு ஏற்றலாம். மெயின் ஜெட்டை அங்கே வைத்துக் குறைக்கவே வேண்டாம், ஏனென்றால் திரும்பி வரும்போது அதை மாற்ற மறந்து, வத்தலக்குண்டு தாண்டி நேர்ச்சாலையில் முறுக்குவீர்கள்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஆக்சிலேட்டரை மூடி, கியரில் பிடித்தபடி வெள்ளி அருவியிலிருந்து கீழே வரும் பல கிலோமீட்டர் தூரமும் பிஸ்டன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்ரோலோடு போகவேண்டிய ஆயில் போகாது. பம்பு வைத்த வண்டியிலும் பம்பு ஆக்சிலேட்டர் கேபிளோடு இணைந்ததுதான், மூடினால் அதுவும் குறையும். ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் கிளட்சைப் பிடித்து இரண்டு தடவை முறுக்கி விடுங்கள். டம்டம் பாறைக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஏர் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். கிளிப்பை ஏற்றியிருந்தால் அதையும் காட்ரோட்டில் நின்று இறக்கிவிட்டுத்தான் சமவெளிக்குள் வரவேண்டும்.